அட்டை ஸ்டாண்டில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

நவராத்திரியில் தொடங்கி தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ் என்று கைவினைப் பொருள் விற்பவர்களுக்கு நல்ல சீசன். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு மேசை, கல்லூரிச் சந்தையில் ஒரு மேசை, கோயில் தெருவில் ஒரு மேசை என்று கிடைக்கும். அதில் ஜிமிக்கியையும் வளையலையும் படுக்கவைத்துப் பரப்பினால் யார் கண்ணிலும் படாது. அக்ரிலிக் ஸ்டாண்ட் வாங்கினால் லாபம் அதிலேயே போய்விடும். அதனால் மளிகைக் கடையிலோ பழக்கடையிலோ பெட்டி கேட்டு வாங்கி, வெட்டி, நாமே ஒன்று செய்துகொள்கிறோம். செய்வது பெரிய காரியமில்லை. மழைக்காற்றில், நாள் முழுக்க, பலர் கை பட்ட பிறகும் அது நிற்கவேண்டுமே, தொல்லை அங்கேதான்.

தொல்லை வந்ததும் எல்லார் கையும் பிரவுன் டேப்பைத்தான் தேடும். சுற்றிவிட்டால் அன்றைய பொழுது ஓடிவிடும். ஆனால் எங்கே கோளாறு என்பது டேப்புக்கு அடியில் மறைந்துபோகும், அடுத்த சந்தையில் அதே இடம் மறுபடி மடியும். டேப்பை எடுக்கும் முன் ஸ்டாண்டைக் காலி செய்து, மேசையில் வைத்து, ஒரு நிமிடம் பாருங்கள். அட்டையில் நேர்கோடாக மடிப்பு விழுந்திருந்தால் நெளியின் (அட்டைக்குள் அலை அலையாக ஓடும் தாளின்) திசை தப்பு. அடிப்பக்கம் உப்பி, விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கினால் ஈரம். அட்டை நேராக இருந்து, இரண்டு பாகம் சேருமிடம் மட்டும் திறந்துகொண்டால் பசை அல்லது செருகு (ஒரு பாகத்தின் பிளவில் மற்றதை நுழைக்கும் இடம்). எல்லாம் நேராக இருந்தும் விழுகிறதென்றால் எடை உட்கார்ந்திருக்கும் இடம் சரியில்லை. பெரும்பாலான கோளாறு இந்த நாலுக்குள் அடங்கிவிடும்.

கீழே சொல்வதெல்லாம் மேசைமேல் வைக்கும் ஸ்டாண்டுக்கு: சுமார் 45 செ.மீ. உயரத்தில் கம்மல் மாட்டும் பின்பலகை, அதன் முன்னால் ஒன்றிரண்டு தட்டு, வளையலுக்கு ஒரு குழாய்.

பின்பலகை நடுவில் மடிந்துபோகிறது

பெட்டி அட்டையின் ஓரத்தைப் பார்த்தால் இரண்டு தாளுக்கு நடுவே ஒரு தாள் அலை அலையாக ஓடும். அதுதான் நெளி. ஒரு நெளி இருந்தால் 3 ப்ளை, அதாவது மூன்று தாள் அடுக்கு, கனம் பெரும்பாலும் 3 முதல் 4 மி.மீ. இரண்டு நெளி அடுக்கினால் 5 ப்ளை, 6 முதல் 7 மி.மீ. அட்டைக்குப் பலம் கொடுப்பது இந்த நெளிதான், அதுவும் ஒரு திசையில் மட்டும். நெளி ஓடும் கோட்டுக்கு இணையாக அட்டையை மடித்தால் சுலபமாக மடியும். குறுக்கே மடித்தால் முரண்டுபிடிக்கும்.

ஆகவே நிற்கவேண்டிய பலகையில் நெளி கீழிருந்து மேலாகச் செங்குத்தாக ஓடவேண்டும். நாம் வெட்டும்போது பெட்டியின் எழுத்தையும் படத்தையும் தவிர்த்து, நல்ல பக்கம் எது என்று பார்த்து வெட்டிவிடுகிறோம். நெளி படுத்துக்கொள்கிறது. மேலே நாலு ஜோடி சுடுமண் ஜிமிக்கி ஏறியதும் இடுப்பு ஒடிந்துவிடும்.

எப்படிச் சோதிப்பது? பலகையை இரு கையாலும் பிடித்து, முதலில் மேல் கீழாகவும் பிறகு இட வலமாகவும் லேசாக வளைத்துப் பாருங்கள். தலைப்பக்கம் உங்களை நோக்கிச் சுலபமாகக் குனிந்தால் நெளி படுத்திருக்கிறது. ஏற்கெனவே அலங்காரம் செய்து முடித்த பலகை என்றால் தூக்கிப்போட வேண்டாம். நெளி செங்குத்தாக இருக்கும்படி இன்னொரு அட்டையை அதே அளவில் வெட்டி, பின்னால் முழுப்பரப்புக்கும் ஃபெவிகால் தடவி ஒட்டி, கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு இரவு விடுங்கள். ஒன்றுக்கொன்று குறுக்கே நெளி ஓடும் இரண்டு 3 ப்ளை அட்டை சேர்ந்தால், எந்தப் பக்கமும் மடங்காத நல்ல பலகை கிடைக்கும். சொல்லப்போனால் புதிதாகச் செய்கிறவர்களும் இப்படியே செய்யலாம். தடிமனான ஒரே அட்டையைத் தேடி அலைவதைவிட இது மேல்.

அட்டை முழுவதும் நல்லதாக இருந்து, ஒரே ஒரு மடிப்பு மட்டும் விழுந்திருந்தால், மடிப்புக்குக் குறுக்கே பின்பக்கத்தில் இரண்டு மூங்கில் குச்சி (பழைய காலண்டரின் தகரப்பட்டையும் சரிதான்) வைத்துத் தாளால் மூடி ஒட்டினால் போதும்.

தட்டு தொய்கிறது

இதுவும் நெளி விவகாரம்தான். தட்டில் நெளி ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்கு ஓடவேண்டும், முன்னும் பின்னுமாக அல்ல. திசை சரியாக இருந்தும் தொய்ந்தால், தட்டின் முன் விளிம்பில் 2 செ.மீ. கூடுதலாக விட்டுக் கீழே மடித்து ஒட்டுங்கள். அந்தச் சின்ன மடிப்பு தட்டை எவ்வளவு விறைப்பாக்கும் என்பதைச் செய்து பார்த்தால்தான் நம்புவீர்கள். 30 செ.மீ.க்கு மேல் அகலமான தட்டுக்கு நடுவில் ஒரு முட்டு கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, அட்டை உடனே தொய்வதில்லை. வைத்தவுடன் நேராக இருக்கும், நாலு மணி நேரத்தில் மெல்ல இறங்கும். வீட்டில் சோதிக்கும்போது பொருளை ஏற்றி இரவு முழுக்க விட்டு, காலையில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

காலையில் நின்றது, பதினொரு மணிக்குக் கவிழ்ந்தது

அட்டையும் ஒட்டும் சரியாக இருந்தும் இது நடக்கும். காரணம் வியாபாரம். கீழ்த்தட்டில் வைத்த பொருள் முதலில் விற்றுவிட்டால் மேலே மட்டும் பாரம் நிற்கும். தலை கனத்து, யாராவது மேல் வரிசையிலிருந்து ஒரு கம்மலை இழுத்தவுடன் முழுதும் முன்னால் வந்துவிடும். கீழே காலியாகக் காலியாக நிரப்புங்கள். அல்லது விற்பனைக்கு இல்லாத ஒரு எடையை அடித்தளத்திலேயே நிரந்தரமாக வையுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்தால் அரைக் கிலோ. மணல் கட்டிய துணிப்பை இன்னும் நல்லது, உருளாது. முன்னால் கவிழும் ஸ்டாண்டுக்கு எடை பின்பக்கம், பின்னால் சாயும் ஸ்டாண்டுக்கு முன்பக்கம்.

பின்கால் வைத்த சாய்வுப் பலகை என்றால் அளவைப் பாருங்கள். 45 செ.மீ. பலகைக்குப் பின்கால் குறைந்தது 15 செ.மீ. தள்ளி ஊன்றவேண்டும். பலகை 10 முதல் 15 டிகிரி பின்னால் சாய்ந்திருந்தால் போதும். சன்மைக்கா மேசையிலும் வழுக்கும் மேசை விரிப்பிலும் பின்கால் மெல்ல நழுவிப் பலகை படுத்துக்கொள்ளும். பலகையின் அடியையும் பின்காலின் அடியையும் ஒரு சணல் கயிற்றால் இணைத்துவிட்டால் அதற்குமேல் விரியவே முடியாது. அடியில் சைக்கிள் ட்யூப் துண்டு ஒட்டினால் வழுக்கலும் நிற்கும்.

கடற்கரையிலோ மொட்டை மாடியிலோ கடை போட்டால் கதை வேறு. முழுப்பலகை காற்றுக்குப் பாய்மரம். பெசன்ட் நகர் கடற்கரையில் மாலைக்காற்று ஏறும்போது எந்த எடையும் முழுசாகப் போதாது. அங்கே பலகையில் பெரிய ஜன்னல்களாக வெட்டி எடுத்துவிடுங்கள், காற்று ஊடே போகட்டும். அந்த ஜன்னலை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கம்மல் பகுதியில் சொல்கிறேன். கூடவே பலகையின் இரு மூலையிலும் ஓட்டை போட்டு மேசைக் காலோடு கயிறு கட்டுங்கள்.

மழை படவே இல்லை, ஆனாலும் நைந்துவிட்டது

நம்முடைய விற்பனைச் சீசனும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரத்தில் வருவதுதான் அட்டை ஸ்டாண்டின் தலையெழுத்து. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் காற்றிலேயே தண்ணீர் இருக்கும். தாள் நார் அந்த ஈரத்தை உறிஞ்சும். பெட்டித் தொழிற்சாலையில் நெளியை ஒட்டுவது பெரும்பாலும் மாவுப்பசை, அதாவது ஸ்டார்ச். அதுவும் ஈரத்தில் தளரும். அட்டையைப் பரிசோதிக்கும் கூடங்களில் 23 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் என்று அறையை வைத்துக்கொண்டுதான் பலம் பார்ப்பார்கள். காற்றின் ஈரம் 90 சதவீதத்தை நெருங்கினால் அந்தப் பலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும். ஜூனில் கம்பீரமாக நின்ற ஸ்டாண்ட் நவம்பரில் தள்ளாடுவது இதனால்தான்.

முதலில் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். செங்குத்தாக நெளி ஓடும் பலகையின் கீழ் விளிம்பில் எல்லாக் குழலும் வாய் திறந்து நிற்கின்றன. மேசையைத் துடைத்த ஈரமே போதும், நேரே மேலே ஏறிவிடும். பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை 4 செ.மீ. பட்டையாக வெட்டி, நடுவில் மடித்து, விளிம்பைக் கவ்வுகிற மாதிரி ஒட்டிவிடுங்கள். அடியில் தண்ணீர் பாட்டில் மூடி நாலு ஒட்டிக் கால் கொடுத்தால் இன்னும் பாதுகாப்பு, மேசை நனைந்தாலும் அட்டை தொடாது.

மேல்பரப்புக்குத் தண்ணீர் கலந்த ஃபெவிகால் பூசினால் வாட்டர்ப்ரூஃப் ஆகிவிடும் என்று பலர் சொல்வார்கள். ஆகாது. சாதாரண வெள்ளை ஃபெவிகால் காய்ந்தபின்னும் தொடர்ந்து ஈரம் பட்டால் மறுபடி பிசுபிசுக்கும். எண்ணெய் அடிப்படையிலான வார்னிஷ் மெல்லியதாக இரண்டு கோட், நடுவில் நன்றாகக் காயவிட்டு, விளிம்புகளையும் சேர்த்துப் பூசுங்கள். வாசனை அடங்க இரண்டு நாள் பிடிக்கும், எனவே சந்தைக்கு முந்தின நாள் ஆரம்பிக்காதீர்கள்.

ஏற்கெனவே நைந்திருந்தால் வெயிலில் போடாதீர்கள், ஒரு பக்கம் மட்டும் சுருங்கிக் கோணலாகிவிடும். சமதரையில் படுக்கவைத்து, மேலே எடை வைத்து, மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். உலர்ந்தபின் தட்டினால் சத்தம் கடகடவென்று வந்தால் பிழைத்தது. தாள் நெளியை விட்டு உரிந்திருந்தால் அந்தப் பாகத்தை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. மேல் பாதி நன்றாக இருந்தால், அதை 20 செ.மீ. குட்டை ஸ்டாண்டாக்கிக் கொள்ளலாம்.

கலர் பேப்பர் ஒட்டியதும் வளைந்துவிட்டது

ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருப்பீர்கள். பசையின் ஈரத்தில் தாள் விரியும், விரிந்த நிலையில் ஒட்டிக்கொள்ளும், காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். புத்தகம் பைண்டிங் செய்பவர்களுக்கு இது பழைய பாடம். அவர்கள் அட்டையின் வெளிப்பக்கம் ஒட்டினால் உள்பக்கமும் ஒட்டிவிடுவார்கள். நீங்களும் பின்பக்கத்தில் அதே தாளையோ, அதே கனமுள்ள பிரவுன் தாளையோ, அதே பசையால் ஒட்டி, எடைக்கு அடியில் வைத்துவிடுங்கள். இழுப்பு சமமாகி நிமிர்ந்துவிடும். பசையை விரலால் அப்பாமல் பழைய ஏ.டி.எம். கார்டு மாதிரி ஒன்றால் வழித்துத் தேய்த்தால் ஈரமும் குறையும், குமிழும் வராது.

ஒட்டியது விட்டுப்போகிறது

எந்தப் பசை என்பதைவிட எதன்மேல் ஒட்டினீர்கள் என்பதுதான் முக்கியம். பெட்டியின் அச்சடித்த வழவழப்புப் பக்கத்தில் ஃபெவிகால் ஊறாது, சூட்டில் உருக்கி ஒட்டும் க்ளூ கன் பசையும் ஆறியபின் முழுசாகத் தோலாக உரிந்துவரும். உப்புத்தாளால் தேய்த்து மேல்பூச்சைச் சொரசொரப்பாக்கிவிட்டு ஒட்டுங்கள். பிரவுன் டேப் இருந்த இடத்தில் எதுவும் ஒட்டாது, டேப்பை உரித்துவிட்டுத்தான் வேலை.

க்ளூ கன் வேகத்துக்கு நல்லது, சூட்டுக்கு ஆகாது. மூடிய காரில் மதிய வெயிலில் ஸ்டாண்டை விட்டுவிட்டுப் போனால் இளகி, பாகங்கள் இடம் மாறியிருக்கும். பாரம் தாங்கும் மூட்டுகளுக்கு ஃபெவிகாலும் தாள் பட்டையும்தான் சரி: 4 செ.மீ. அகலத்தில் பிரவுன் தாளைக் கிழித்து (வெட்டாமல் கிழித்தால் ஓரம் படிந்து உட்காரும்), பசை தடவி, மூட்டின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒட்டிக் காயவிடுங்கள். டேப்பைவிடப் பல மடங்கு உழைக்கும். மழைநாளில் காய ஒரு முழு நாள் கொடுங்கள்.

கம்மல் மாட்டும் ஓட்டை கிழிகிறது

வாடிக்கையாளர் கம்மலை நேராக வெளியே எடுப்பதில்லை. கீழே இழுப்பார், பக்கவாட்டில் திருகுவார். ஒவ்வொரு தடவையும் ஓட்டை கொஞ்சம் நீளும். மதியத்துக்குள் கொக்கி தானாக விழுந்துவிடும். ஓட்டையைச் சுற்றி செலோடேப் ஒட்டுவது தற்காலிகம்.

நிரந்தர வழி, பலகையில் கம்மலையே மாட்டாமல் இருப்பது. ஒவ்வொரு ஜோடிக்கும் தனி அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகைகள் இதற்கு அருமையான சரக்கு. கெட்டியாக இருக்கும், வெளிப்பக்கம் வேலைப்பாடு இருக்கும், காசும் இல்லை. 5 செ.மீ.க்கு 7 செ.மீ. வெட்டி, கம்மலுக்கு இரண்டு துளை, மேலே மாட்ட ஒரு துளை. ஒரே மாதிரி வேண்டுமென்றால் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) ஐவரி போர்டு என்ற வழவழப்பான வெள்ளை அட்டை வாங்கலாம். சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள், அட்டைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பலகையில் கிடைமட்டமாக நைலான் நூல் கட்டி, அதில் அட்டைகளைக் கொக்கி போட்டு மாட்டினால் எடுப்பதும் வைப்பதும் சுலபம். எந்த ஜோடி விற்றது என்பதும் தெரியும். விலையும் அட்டையிலேயே எழுதிவிடலாம்.

கொக்கி வைத்த தொங்கட்டான்களுக்கு இன்னொரு வழி, முன்பு சொன்ன ஜன்னல். பலகையில் 12 செ.மீ.க்கு 30 செ.மீ. ஜன்னல் வெட்டி, பின்னாலிருந்து கொசுவலைத் துண்டை இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாக அடிக்கும் அந்த விறைப்பான வலைதான், கட்டிலுக்குக் கட்டும் துணி வலை அல்ல. வலையின் எந்தக் கண்ணிலும் கொக்கி மாட்டும், இடத்தை இஷ்டப்படி மாற்றலாம், கிழியாது. கனமான சுடுமண் ஜிமிக்கி என்றால் வலையின் ஓரத்தை ஒட்டுவதோடு விடாமல் ஊசி நூலால் அட்டையோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். தட்டைத் தோடுகளுக்கு வலை சரிவராது, அவை சாய்ந்து முகம் காட்டாமல் தொங்கும். அவற்றுக்குத் தனி அட்டைதான்.

வளையல் குழாயில் ஏறவில்லை, ஏறினால் குழாய் கழன்று விழுகிறது

துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய் கேட்டால் கொடுப்பார்கள். வாங்கும் முன் அளந்து பாருங்கள். 2.4 வளையல் என்றால் உள்விட்டம் 2 அங்குலமும் பதினாறில் 4 பங்கும், அதாவது சுமார் 57 மி.மீ. 2.2 அளவு 54 மி.மீ.தான். குழாய்க்கு மேலே நாம் சுற்றும் துணியும் பஞ்சும் இரண்டு மூன்று மி.மீ. எடுத்துக்கொள்ளும். ஆகவே வெளிவிட்டம் 45 மி.மீ.க்குள் இருக்கும் குழாய்தான் எல்லா அளவுக்கும் பொருந்தும். சில்க் த்ரெட் வளையலை இறுக்கமாக ஏற்றி இறக்கினால் நூல் பிசிறடித்துவிடும், தளர்வாகவே இருக்கட்டும்.

குழாய் கழன்று விழுந்தால் பக்கச் சுவரில் வட்டமாக ஓட்டை போடாதீர்கள். மேலே திறந்த 'யு' வடிவப் பள்ளமாக வெட்டுங்கள். குழாயை அப்படியே தூக்கி எடுத்து வளையல் ஏற்றலாம். பள்ளத்தின் விளிம்பில் இன்னொரு அட்டைத் துண்டை ஒட்டி இரட்டிப்பாக்குங்கள், இல்லையென்றால் குழாயின் பாரத்தில் அது நசுங்கும்.

செருகும் இடம் லொடலொடவென்று ஆடுகிறது

பஸ்ஸில் கொண்டுபோகக் கழற்றி மாட்டும் ஸ்டாண்டுகளில் இது தவிர்க்க முடியாத தேய்மானம். பிளவின் அகலம் அட்டையின் கனத்துக்குச் சமமாக இருக்கவேண்டும். 3 மி.மீ. அட்டைக்கு 3 மி.மீ. பிளவு, இரண்டு பாகத்திலும் பாதி உயரம்வரை. ஆடினால் பிளவின் உள்விளிம்பில் தாள் பட்டையை மடித்து ஒட்டி இறுக்குங்கள், அதுவே விளிம்புக்குக் கவசமும் ஆகும். இறுகிப்போய் ஏறவில்லையென்றால் அழுத்தாதீர்கள், நெளி நசுங்கினால் திரும்பாது. செருகும் விளிம்பை மட்டும் ஸ்பூனின் பின்பக்கத்தால் தேய்த்துச் சற்று ஒல்லியாக்கிச் செருகுங்கள்.

மடிக்கும் இடத்தில் தாள் வெடித்தால் கோடு கிழிக்காமல் மடித்திருக்கிறீர்கள். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேலோடு அழுத்தி உள்பக்கத்தில் ஓட்டி, அந்தக் கோட்டை நோக்கி மடியுங்கள். கட்டரால் பாதி வெட்டி மடிப்பது வேகம்தான், ஆனால் பாரம் வரும் மூட்டில் அது சீக்கிரம் பிய்ந்துவிடும்.

எடுத்து வைத்த ஸ்டாண்டை அடுத்த சீசனில் பார்த்தால் அங்கங்கே அரித்திருக்கிறது

ஃபெவிகாலுக்குப் பதில் மைதாப் பசையால் ஒட்டியிருந்தால் அதைக் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் தேடி வரும். போஸ்டர் ஒட்டுபவர்கள் மாதிரி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கலாம்தான், ஆனால் அது விஷம். குழந்தைகள் நடமாடும் வீட்டில் வேண்டாம், ஃபெவிகாலுக்கு மாறிவிடுங்கள். கழற்றித் தட்டையாக்கி, பாலிதீன் உறையில் போட்டு, பரண்மேல் வையுங்கள். சுவரோரத் தரையில் வைத்தால் கரையானுக்கு விருந்து.

எல்லாம் சரியாக நிற்கிறது, ஆனால் யாரும் நின்று பார்ப்பதில்லை

இதுவும் ஸ்டாண்டின் கோளாறுதான். பிரவுன் அட்டை அப்படியே அழகாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். அதன்மேல் சுடுமண் நகை வைத்தால் இரண்டும் ஒரே நிறமாகி, நாலடி தள்ளி நிற்பவருக்கு வெறும் அட்டை தெரியும். சுடுமண்ணுக்கு வெள்ளையோ வெளிர்மஞ்சளோ. சில்க் த்ரெட்டுக்கும் கல் பதித்ததற்கும் பளபளப்பில்லாத கருப்பு, அல்லது கருநீலம். தங்கநிற கிஃப்ட் பேப்பரை எதற்கும் சுற்றாதீர்கள், மாலையில் டியூப்லைட் அதில் அடித்து நகையை மறைத்துவிடும்.

அப்புறம் உயரம். மேசை 75 செ.மீ., ஸ்டாண்ட் 45 செ.மீ. என்றால் மேல் வரிசையே 120 செ.மீ.தான், நிற்பவர் கண்ணுக்குக் கீழே. பலகை நட்டுக்குத்தலாக நின்றால் கீழ் வரிசை தெரியவே தெரியாது, அந்த 10, 15 டிகிரி சாய்வு இதற்கும் சேர்த்துத்தான். சாய்வைக் கூட்ட முடியாவிட்டால் அடியில் செங்கல் வைத்து, மேலே துணி போர்த்தி, மொத்த ஸ்டாண்டையும் உயர்த்துங்கள். கடை போட்டதும் மேசைக்கு வெளியே வந்து, வாங்குபவர் நிற்கும் இடத்தில் நின்று ஒருமுறை பாருங்கள். விலை படிக்க முடியாத அட்டை எது, ஒன்றை ஒன்று மறைக்கும் வரிசை எது என்பது உடனே தெரியும், சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.